ஸ்லோ நிற்காத வண்டி: பரமக்குடியில் அன்றும் இன்றும்

ஓடுகிற வண்டியில் என்ஜினின் குறை எளிதில் தெரிவதில்லை. வேகம் அதை மூடிவிடும். சத்திரக்குடிப் பக்கம் நீண்ட நேர்ச்சாலையில் போகும்போது ஒரு சிலிண்டர் சோம்பினாலும் மற்றவை இழுத்துக்கொண்டு போய்விடும். வண்டியை ஓரங்கட்டி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகுதான் என்ஜின் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்போது ஸ்டியரிங் நடுங்கினால், கியர் ராடு ஆடினால், இரண்டு உதறு உதறிவிட்டு அணைந்துபோனால், உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பரமக்குடி ஒர்க்‌ஷாப்களில் இதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும்: “ஸ்லோ நிக்கல.” 40 ஆண்டுகளுக்கு முன் அம்பாசிடர் ஓட்டியவரும் இதைத்தான் சொன்னார். இன்று 20 வயதான சான்ட்ரோவையோ மாருதியையோ வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். புகார் அப்படியே இருக்க, அதைத் தீர்க்கும் வழி அடியோடு மாறிவிட்டது.

1980-களின் தொடக்கம் வரை இந்தப் பக்கத்துச் சாலைகளில் கார் என்றால் அம்பாசிடர் அல்லது ஃபியட். எப்போதாவது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று கண்ணில் படும். வாடகைக் கார்களுக்கு மேற்கே மதுரை, கிழக்கே மண்டபம் எல்லை. மண்டபத்தோடு சாலை முடிந்தது. ராமேஸ்வரம் போகிறவர்கள் அங்கே காரை விட்டு ரயிலேறினார்கள். 1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகே பரமக்குடிக் கார் கோயில் வாசல் வரை போனது. இன்று மதுரையிலிருந்து பரமக்குடி வரை நால்வழிச் சாலை. அதை ராமநாதபுரம் வரை நீட்ட 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் காரிலேயே போய்வரலாம். சாலை கடலுக்கு நெருங்க நெருங்க, கடற்காற்றும் காருக்கு நெருங்கிவிட்டது. அது என்ஜினுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அம்பாசிடரின் பெட்ரோல் என்ஜின் 1489 சி.சி., நான்கு சிலிண்டர். எரியும் வரிசை 1, 3, 4, 2. அதில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் என்று சொல்லத்தக்க பொருளும் இல்லை. ஸ்லோ நிற்காத வண்டி வந்தால் மெக்கானிக் பார்ப்பதற்கு இருந்தவை மூன்று: பொறி, காற்று, பெட்ரோல். முதலில் பொறி. டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியின் இரண்டு கிளிப்புகளைத் தட்டிக் கழற்றினால் உள்ளே சி.பி. பாயிண்ட். நகக்கண் அளவுள்ள இரண்டு உலோக முனைகள். அவை சேரும்போது காயிலில் மின்சாரம் ஏறும். பிரியும் நொடியில் பிளக்கில் பொறி விழும். அந்தப் பிரிவின் அகலம் 15 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, மில்லிமீட்டரில் ஏறத்தாழ 0.38. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து என்ஜினை மெல்லத் திருப்பி, பாயிண்ட் முழுக்க விரியும் இடத்தில் நிறுத்தி, ஃபில்லர் கேஜின் மெல்லிய தகட்டை இடையில் விடுவார்கள். தகடு தடையின்றி ஓடினால் இடைவெளி அதிகம். நுழைய மறுத்தால் குறைவு. லேசாக உரசிக்கொண்டு வந்தால் சரி. முனைகளில் கரிந்த மேடுபள்ளம் இருந்தால் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. பாயிண்ட்டை மாற்ற வேண்டிய நாள் அதோடு தள்ளிப்போகும்.

அடுத்தது காற்று, அதாவது வால்வுகளின் டேப்பட். எட்டு வால்வுகளுக்கும் இடைவெளி 15 தவ்தான். இங்கே ஓர் அழகான கணக்கு உண்டு. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. இரண்டு எண்களின் கூட்டல் எப்போதும் ஒன்பது. புத்தகம் படிக்காத பையன்கூட ஒன்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வரிசை தவறாமல் எட்டையும் முடித்துவிடலாம். கடைசியில் பெட்ரோல், அதாவது கார்பரேட்டர். என்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஏர் க்ளீனரைக் கழற்றி வைத்துவிட்டு, கலவைத் திருகை ஒருபக்கம் திருப்பினால் என்ஜின் மூச்சுத் திணறும். மறுபக்கம் திருப்பினால் தடுமாறும். இரண்டுக்கும் நடுவில், சத்தம் சீராகி வேகம் தானாக ஏறும் ஓர் இடம் உண்டு. அங்கே விட்டு, ஏறிய வேகத்தை மற்றொரு திருகால் இறக்குவார்கள். இறக்கியதும் கலவை மீண்டும் சற்று மாறியிருக்கும். மறுபடி முதல் திருகு. இப்படி மாறி மாறிச் செய்து முடிக்கும்போது, ரேடியேட்டர் மேல் வைத்த கை நடுக்கம் உணராது. என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர் அந்த டேஷ்போர்டில் கிடையாது. காதும் கையும்தான் மீட்டர். டைனமோ வைத்த வண்டிகளில் ஸ்லோவில் மினுக்கும் சிவப்பு விளக்கு மட்டும் ஓட்டுநருக்கு ஒரு துணை அடையாளம்.

இந்த வேலை நிலைத்து நிற்பதில்லை. பாயிண்ட்டை உந்தும் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும். பெட்ரோலோடு வந்த தூசி ஜெட்டை அடைக்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டியூனிங் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட செலவு. பங்குனி, சித்திரை வெயிலில் சூடான என்ஜினை நிறுத்தி வைத்தால் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும். அதன் ஃப்ளோட் சேம்பர் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். புகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது நாடு முழுவதும் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். அதுவரை ஸ்லோவில் நின்ற ஒவ்வொரு வண்டியும் பக்கத்தில் நின்றவர் மூச்சுக்குள் அந்த ஈயத்தையும் சேர்த்துத்தான் அனுப்பியது.

இடைக்காலம் ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 796 சி.சி., மூன்றே சிலிண்டர். நான்கில் ஒன்று எரியாமல் போனால் மூன்று மிச்சம். மூன்றில் ஒன்று போனால் இரண்டுதான். அதனால் மிஸ்ஸிங் அடித்தால் மாருதி முழுதாகக் குலுங்கும். அதன் கார்பரேட்டர் ஜப்பானின் மிகுனி நுட்பத்தில் சென்னைப் பக்கம் யூகால் கம்பெனியில் தயாரானது. அம்பாசிடரில் கைவைத்துப் பழகியவர்கள் முதலில் இதைத் தொடத் தயங்கினார்கள், பின்பு கற்றுக்கொண்டார்கள். திருகு இன்னும் திருகாகவே இருந்ததால் அது முடிந்தது.

அடுத்து வந்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. 1998 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்பரேட்டர் இல்லாத சான்ட்ரோ வெளிவந்தது. 1999-இல் டெல்லி தலைநகர்ப் பகுதிக்கு உச்ச நீதிமன்றம் புதிய மாசு அளவுகளைக் கட்டாயமாக்க, 2000 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் ஒரு வரம்பு வந்தது. கார்களின் பின்புறம் ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகள் பெருமையோடு ஒட்டப்பட்டன. கார்பரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டர்கள் வந்தன. டெல்கோவும் படிப்படியாக மறைந்தது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்பதை இசியூ என்ற கம்ப்யூட்டர் முடிவுசெய்யத் தொடங்கியது.

கம்ப்யூட்டருக்குக் கண்ணும் காதும் இல்லை. சென்சார் சொல்வதுதான் அதற்கு உலகம். திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்கிறது: மூடியிருக்கையில் அரை வோல்ட் அளவு, முழுக்கத் திறந்தால் நாலரை. என்ஜின் எவ்வளவு சூடு என்பதை இன்னொன்று சொல்கிறது. மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம் என்பது மூன்றாவதின் வேலை. எரிந்த புகையில் மிச்ச ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதைச் சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஏறி இறங்கும் வோல்ட்டாகச் சொல்கிறது. இவற்றைக் கேட்டு, ஒரு நொடிக்குள் பலமுறை, காற்று வால்வையும் பொறி விழும் நேரத்தையும் மாற்றி மாற்றி என்ஜினை ஸ்லோவில் நிறுத்துகிறது இசியூ. அன்று மெக்கானிக் இரண்டு திருகுகளுக்கு இடையே சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்த வேலை, இன்று இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

புதிய நுட்பத்தின் முதல் தலைமுறைக் கார்கள், இப்போது 20, 25 வயதைத் தொட்டவை, இன்னும் இந்த வட்டாரத்தில் டி.என். 65 எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் திராட்டில் சென்சாரைக் கையால் சரிசெய்யலாம். சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களின் துளைகள் நீள்வட்டமாக இருக்கும். தளர்த்தினால் சென்சார் இரண்டு பக்கமும் சற்றுத் திரும்பும். திராட்டில் நெம்புகோலுக்கும் அதன் தடுப்பு ஸ்க்ரூவுக்கும் நடுவே ஒரு தகட்டை விட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளைச் சென்சாரின் கால்களில் வைத்து, எந்தத் தகட்டில் இணைப்பு இருக்கிறது, எந்தத் தகட்டில் அறுகிறது என்று பார்த்து இறுக்க வேண்டும். இதற்கு வேண்டிய தகடு வேறெதுவும் அல்ல, பாயிண்ட்டுக்கும் டேப்பட்டுக்கும் பயன்பட்ட அதே ஃபில்லர் கேஜ். பழைய டப்பாவிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, மல்டிமீட்டருக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவரைப் பார்த்திருக்கிறேன். கைக்கு வந்த பழக்கம் வீணாகவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அதுதான்.

அந்தத் தலைமுறை மாருதிகளில் ஸ்கேனர் இல்லாமலேயே கோளாறைக் கேட்க ஒரு வழியும் இருந்தது. சோதனைக் கனெக்டரில் குறிப்பிட்ட முனையை எர்த் செய்தால் டேஷ்போர்டின் செக் லைட் மின்னத் தொடங்கும். ஒருமுறை மின்னி, சற்று நின்று, இருமுறை மின்னினால் 12, அதாவது கோளாறு எதுவும் பதிவாகவில்லை. வேறு எண் வந்தால் அதற்குரிய சென்சார். 2010-க்குப் பின் பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ். 4) மாசு விதிகளோடு, கோளாறைத் தானே பதிவுசெய்யும் ஓ.பி.டி. கட்டாயமாக, 16 முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் எண்ணும் விவரமும் திரையில் வந்துவிடும் நிலை ஆயிற்று.

இனி கடற்காற்று. குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒரு தலைகீழ்க் கணக்கில் வேலை செய்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். 20 டிகிரியில் சுமார் 2500 ஓம் காட்டுவது, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அடிக்கடி போய்வரும் வண்டியின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் பின்களின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அந்தக் களிம்பு ஒரு 500 ஓம் தடையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 டிகிரிக்குச் சூடேறிய என்ஜின், கம்ப்யூட்டருக்கு 50 டிகிரி போலத் தெரியும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பி அது பெட்ரோலைக் கூட்டும். பிளக் கறுக்கும், ஸ்லோ ஏறி இறங்கும், மைலேஜ் விழும். வெயிலுக்குப் பேர்போன மாவட்டத்தில், உப்பு பூத்த ஒரு பின்னின் பேச்சை நம்பி, என்ஜின் குளிர்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறது. இங்கே சென்சார் கெடவில்லை. கெட்டது அதன் கனெக்டர். புதுச் சென்சார் வாங்கிப் போட்டாலும் அதே களிம்பின் வழியாகத்தான் அதுவும் பேசும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரை மட்டும் போட்டால், குளிர்நீரின் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பரமக்குடிக் காலைப்பொழுதில் ஒன்று 28, மற்றது 12 என்று காட்டினால் எது பொய் சொல்கிறது என்பதற்குப் படிப்பு தேவையில்லை. ஊரின் வெயில் தெரிந்திருந்தால் போதும்.

பெற்றது பெரிது. மாசு சோதனை ஸ்லோவில் நிறுத்தித்தான் செய்யப்படுகிறது என்பதால் அதன் எண்களே இதைச் சொல்லிவிடும். பி.எஸ். 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை அனுமதி. பி.எஸ். 4 முதல் 0.3. பத்தில் ஒரு பங்கு. ஏ.சி. போட்டதும் என்ஜின் தளர்வதில்லை. கம்ப்ரஸர் சேரும் முன்பே காற்றைக் கூட்டி வைக்கிறது இசியூ. ராமேஸ்வரம் பார்க்கிங்கில் வயதானவர்களை உள்ளே உட்காரவைத்து ஏ.சி.யோடு காத்திருக்க முடிவது இதனால்தான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ-20 பெட்ரோலும் இதற்கு ஓர் உதாரணம். வெறும் பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் அது 13.5 அளவுக்கு இறங்கிவிடும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள கார் அந்த மாற்றத்தைத் தானே உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. பழைய கார்பரேட்டரின் ஜெட்டுக்கு அது தெரியாது. கலவை மெலிந்து ஸ்லோ தடுமாறும். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர்களும் சேர்ந்து கெடும்.

இழந்ததும் உண்டு. அன்று வண்டிக்காரருக்கே பாதி வேலை தெரியும். பாயிண்ட்டைத் துடைக்கவும் பிளக்கின் நிறம் பார்க்கவும் தெரியாத வாடகைக் கார் ஓட்டுநர் அபூர்வம். பழுப்பு என்றால் சரி, கறுப்பு என்றால் கலவை அதிகம், வெளுப்பு என்றால் குறைவு என்பது சாலையிலேயே கற்ற பாடம். இன்று பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. பெரும்பாலோர் அதற்குக் கீழே பார்த்ததே இல்லை. அன்றைய பொருள்கள் திருத்தப்பட்டன, இன்றையவை மாற்றப்படுகின்றன. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. பழைய வண்டியைக் காப்பாற்றும் ஆசைக்கும் விலை ஏறியிருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய என்ஜின் தன் நோயை மறைக்காது. ஏர் லீக் இருந்தால் அன்றே ஆடும். இப்போதைய என்ஜினில், வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று புகுந்தாலும், திராட்டில் உள்ளே கரி படிந்தாலும், கம்ப்யூட்டர் தன்னால் ஆனமட்டும் ஈடுகட்டிக்கொண்டே போகும். இனி முடியாது என்ற இடத்தில்தான் ஸ்லோ ஆடும், லைட் எரியும். அப்போது ஸ்கேனரில் வரும் எண் பெரும்பாலும் விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. கலவை மெலிவு என்று 171-ஆம் எண் வந்தால் காரணம் குழாயில் இருக்கலாம், பெட்ரோல் பம்பில் இருக்கலாம், சைலன்சர் ஓட்டையில் இருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் “ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சு” என்று சொல்லிப் புதியதைப் போட்டுவிடுவது அவசரம். பணமும் போய், மறுவாரம் அதே ஆட்டத்தோடு வண்டி திரும்பி வரும்.

நல்ல மெக்கானிக் அன்றும் இன்றும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்: “சூடானதும் சரியாகுதா தம்பி, இல்ல சூடானாலும் ஆடுதா?” பிறகு பார்வை: குழாய்கள், எர்த் கம்பி, என்ஜின் மவுண்ட். மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தால் குறையே இல்லாத என்ஜினும் ஆடத்தான் செய்யும். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. பிறகு பிளக். அதன் பிறகே ஸ்கேனர். ஸ்கேனர் தந்த எண்ணை மல்டிமீட்டரில் சோதித்து, கனெக்டரைச் சுத்தம் செய்து, மறுபடி அளந்த பின்தான் புதுப்பொருள். இந்த வரிசையை மோட்டார் மெக்கானிக் பிரிவில் ஐ.டி.ஐ. முடித்து வரும் பையனுக்கு ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். பையனுக்கு வோல்ட்டும் ஓமும் தெரியும்; மூத்தவருக்குச் சத்தம் தெரியும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர் கையில் 20 வயது கார் வீணாகிறது.

மின்சாரக் கார்களில் ஸ்லோ என்பதே இல்லை. அவை இந்தச் சாலைகளை நிரப்பும் நாளில் பாயிண்ட்டும் திராட்டில் சென்சாரும் சேர்ந்தே மறக்கப்படும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புகை குறைவது யாருக்கும் நல்லது. அதுவரை ஓடவேண்டிய வண்டிகள் ஊரில் நிறைய இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். சென்சாரை மாற்றுமுன் என்ன அளவு காட்டியது, மாற்றிய பின் என்ன காட்டுகிறது என்பது ஒன்று. கழற்றிய பழைய பொருள் இன்னொன்று. அளந்து சொல்கிற மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார், தாளை எடுத்து எழுதிக் காட்டுவார். 15 தவ் அளந்து வேலை செய்த காலத்தின் நேர்மை அப்படித்தான் அரை வோல்ட் அளக்கிற காலத்துக்கும் வந்து சேரும்.